42 நாள் போதும், மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டாம்

திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் தாய், டாக்டரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

"என் மகன் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒன்பதாவது வரை லீவே போடாத பையன். இந்த ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துவிடுகிறான். பெரும்பாலும் திங்கள், வியாழன். பத்து மணிக்கு மேல் வலி போய்விடும், தோசை கேட்பான். பள்ளிக்குப் போகிற நாள்களிலும் அடிக்கடி 7.20 வேனைத் தவறவிடுகிறான். நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். பள்ளி 8.10க்குத் தொடங்கும், நாங்கள் போய்ச் சேர 8.30 ஆகிவிடும். லேட்டாக வருகிறவர்களை முதல் பீரியடு முடியும்வரை கேட் ஓரம் வெயிலில் நிற்க வைக்கிறார்கள். மூன்று லேட்டுக்கு ஒரு நாள் ஆப்சென்ட் என்று கணக்கு வேறு. வாரத்தில் நான்கு நாள் முதல் பீரியடு கணக்குப் பாடம்.

அக்டோபர் நடுவில் பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: 92 வேலை நாளில் 63 நாள்தான் வந்திருக்கிறான், 75 சதவீதம் வராவிட்டால் ஹால் டிக்கெட் வராது என்று. 29 ஆப்சென்டில் 5 நாள், 15 லேட்டுக்காகப் போட்டது. ஜனவரி 1க்குள் தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவெல்லாம் போக இன்னும் 48 வேலை நாள் இருக்கிறதாம்.

என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் போனில் பையனைத் திட்டுகிறார். மாமியார், வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை விரட்டாதே என்கிறார். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். மாலை 6 முதல் 9 வரை டியூஷன் போகிறான், அங்கே நல்ல மார்க். பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்கிறான். இரவு படுக்கப் பன்னிரண்டே முக்கால் ஆகிறது.

மஞ்சள் காமாலை என்று ஆறு வாரத்துக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் சொல்கிறார். நீங்கள் தர முடியுமா? 75 சதவீதம் போதும் என்றால் மீதி 25 சதவீதம் லீவு எங்கள் உரிமைதானே? வெயிலில் நிற்க வைப்பது சரியா? பேசாமல் டம்மி ஸ்கூலுக்கோ ஓப்பன் ஸ்கூலுக்கோ மாற்றிவிடலாமா?"

கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். ஜூனில் செக்‌ஷன் மாற்றியபோது பையனின் நெருங்கிய நண்பன் வேறு செக்‌ஷனுக்குப் போய்விட்டான். ஜூலையில் ஒரு நாள் லேட்டாகப் போனதற்காக அவனைப் பிரேயரில் மேடையேற்றி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். அப்புறம், நான்காம் வகுப்புப் படிக்கும் மகளும் இப்போது திங்கட்கிழமைகளில் வயிறு வலிக்கிறது என்கிறாளாம்.

சகோதரிக்கு,

சர்டிபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நான் தர மாட்டேன். வேறு யாரிடமும் நீங்கள் கேட்கவும் வேண்டாம். பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைப்படி தொழில் குற்றம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்க முடியும். அது டாக்டரின் பாடு, உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். சரி, உங்கள் பக்கத்திலிருந்தே பார்ப்போம். உங்கள் மகன் பள்ளிக்கு வராதது பெரும்பாலும் திங்களும் வியாழனும். செவ்வாய், புதன், வெள்ளியில் வந்ததாக வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. திங்களும் வியாழனும் மட்டும் வந்து போகிற மஞ்சள் காமாலையை எந்த அதிகாரியிடம் போய் விளக்குவீர்கள்?

அதோடு, வருகைக் குறைவை மன்னிப்பது பள்ளி முதல்வர் கையில் இல்லை. பள்ளி பரிந்துரைத்து சிபிஎஸ்இ மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் என்றால் அரசு மருத்துவரின் சான்றிதழ், பரிசோதனை முடிவுகள் என்று எல்லாக் காகிதமும் கேட்பார்கள். மருத்துவ விடுப்பு எடுத்தால் உடனே அதற்கான காகிதங்களோடு பள்ளியில் விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும் என்று 2025இல் வாரியம் மறுபடி சொல்லியிருக்கிறது. ஜூன் மாத லீவுக்கு அக்டோபரில் சீட்டு வாங்கிப் பயனில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. வயிற்று வலி என்று சொன்னால் அம்மா சீல் வைத்த காகிதமே வாங்கித் தருவார் என்று பதினைந்து வயதுப் பையன் தெரிந்துகொள்வான். அதற்குப் பிறகு அந்த வலியைக் குணப்படுத்துவது எனக்கே கஷ்டம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

92 நாள் முடிந்துவிட்டது, 48 நாள் பாக்கி. மொத்தம் 140. அதில் 75 சதவீதம் 105 நாள். 63 நாள் கையில் இருக்கிறது. இன்னும் 42 நாள் வந்தால் போதும். 48இல் 6 நாள் தவறினாலும் தப்பித்துவிடுவான். பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னபோது உங்களுக்கு எல்லாமே முடிந்துபோனது போல இருந்திருக்கும். முடியவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் வழக்கம்போல மூன்று நாள் போனால், மிச்சம் ஆறு வாரத்துக்கும் மேலாக மூன்றே நாள்தான் கையில் இருக்கும். அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

லேட்டுக்காகப் போட்ட அந்த 5 நாளைப் பற்றி எழுத்து மூலம் கேளுங்கள். கோபமாக வேண்டாம். "என் மகன் வகுப்பில் உட்கார்ந்திருந்த இந்தத் தேதிகள் வாரியத்துக்குப் போகும் வருகைக் கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன?" என்று ஒரே கேள்வி. மூன்று லேட்டுக்கு ஒரு ஆப்சென்ட் என்பது ஒழுங்குக்காகப் பள்ளி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வந்த பிள்ளையை வரவில்லை என்று தேர்வுத் தகுதிக்கான பதிவேட்டில் எழுதுவது வேறு விஷயம். அந்த 5 நாள் திரும்பி வந்தால் கையிருப்பு 68 ஆகும், 37 நாள் வந்தாலே போதும். வராவிட்டாலும் 42 என்ற இலக்கு மாறாது. ஆகவே அந்த 5 நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

75 சதவீதம் வந்தால் மீதி 25 உரிமைதானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அது இதற்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது என்பதற்கான கோடு. நோய், வீட்டில் மரணம், தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி மாதிரியான காரணங்களுக்காக விட்டுவைத்த இடம். ஜூனிலேயே அதைச் செலவழித்துவிட்டு டிசம்பரில் உண்மையாகவே டெங்கு வந்தால் என்ன செய்வீர்கள்? நம் ஊரில் அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடு உண்டா?

2026 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், பிப்ரவரியில் விட்டால் மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். நீங்களும் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். முதல் தேர்வை எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும். இரண்டாவது, மூன்று பாடம் வரை மார்க்கைக் கூட்டிக்கொள்வதற்கானது. அதைக் காட்டி இதை விட முடியாது.

டியூஷனில் பாடம் முடிந்துவிடுகிறது என்ற பேச்சு

இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முக்கியப் பாடத்திலும் 100க்கு 80 மார்க்தான் எழுத்துத் தேர்வு. மிச்சம் 20 பள்ளியில் போடுவது: இடைத் தேர்வுகள், வகுப்புச் செயல்பாடுகள், தொகுப்பேடு, செய்முறை மாதிரியானவை, ஒவ்வொன்றுக்கும் 5. டியூஷன் சார் இதில் ஒரு மார்க் கூடப் போட முடியாது. பிள்ளை பள்ளிக்கே வராவிட்டால் இந்த அகமதிப்பீட்டைச் செய்ய வழியில்லை, அப்படிப்பட்டவர்களின் தேர்வு முடிவையே வெளியிட முடியாமல் போகலாம் என்று வாரியம் 2025 செப்டம்பரில் எச்சரித்திருக்கிறது.

அப்புறம், மார்க்கைத் தாண்டி ஒரு விஷயம். 24 நாள் லீவு, 15 நாள் லேட். அதாவது 92 நாளில் 39 நாள் முதல் பீரியடில் உங்கள் மகன் இல்லை. வருகைச் சதவீதம் 68 என்று பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள். முதல் பீரியடை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 58தான். அந்தப் பீரியடு வாரத்தில் நான்கு நாள் கணக்கு என்கிறீர்கள். லேட்டாகப் போவது எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லை, ஒரே பாடத்தைப் போய்த் தின்கிறது. இருபது நிமிட தாமதம்தானே என்று வீட்டில் தோன்றும். உங்கள் பள்ளி நடைமுறையில் அது ஒரு முழுக் கணக்கு வகுப்பு.

அதனால் டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். திங்களும் வியாழனும் முதல் பீரியடு என்ன? அன்றைக்கு டெஸ்ட் வைப்பார்களா? போர்டுக்குக் கூப்பிடுவார்களா? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஜூனில் நண்பன் பக்கத்தில் இல்லை. ஜூலையில் எல்லோர் முன்னாலும் அவமானம். அதிலிருந்து லீவு, லீவால் கணக்கில் இடைவெளி, இடைவெளியால் அந்த வகுப்பைப் பார்த்துப் பயம், பயத்தால் மறுபடி லீவு. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரியை நான் மூன்று முறை படித்தேன். அவனிடம் "ஏன் போக மாட்டேங்கிறே?" என்று கேட்காதீர்கள், "தெரியல" என்றுதான் பதில் வரும். "வியாழக்கிழமை காலையில என்னென்ன நடக்கும், வரிசையா சொல்லு" என்று சமைத்துக்கொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று கவனியுங்கள்.

வயிற்று வலி பொய்யில்லை

மஸ்கட்டிலிருந்து திட்டுகிறவருக்கும் பக்கத்து அறையிலிருந்து பரிந்து பேசுகிறவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பையனுக்கு உண்மையாகவே வலிக்கிறது. பதற்றம் வரும்போது குடல் இழுத்துப் பிடிக்கும், குமட்டும், கழிப்பறைக்கு ஓடச் சொல்லும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதற்கு நடிக்கிறான் என்று அர்த்தமில்லை. அதே சமயம், வலிக்கிறது என்பதாலேயே வீட்டில் இருக்க வேண்டும் என்றும் அர்த்தமில்லை. மாமியார் தடுமாறுவது இங்கேதான். இந்த வகை வலிக்கு வீட்டில் படுப்பது மருந்து மாதிரி தெரியும், பத்து மணிக்குச் சரியாகிவிடும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை வலி இன்னும் சீக்கிரம் வரும்.

வேறு நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள் உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், தொப்புளைச் சுற்றி இல்லாமல் வலது பக்கத்தில் ஒரே இடத்தில் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நேரில் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஞாயிறுகளிலும் தீபாவளி லீவிலும் வலி வருகிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சாதாரணக் காரணத்தையும் சொல்ல வேண்டும், யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. மலச்சிக்கல். நம் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. லேட்டாக எழுகிறவனுக்குக் காலையில் உட்கார நேரமும் இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் அடக்கினால் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படியென்றால் காலையில் இருபது நிமிடம் முன்னால் எழுவதும், ஒரு டம்ளர் வெந்நீரும், இரவில் ஒரு கொய்யாவோ கீரையோ சேர்ப்பதுமே பாதி வைத்தியம்.

லேட்டும் லீவும் ஒன்றல்ல

நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். லீவுக்குப் பின்னால் பயம் இருக்கிறது. லேட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் தூக்கம். பன்னிரண்டே முக்காலுக்குப் படுத்து ஆறேகாலுக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடலில் தள்ளிப்போகிறது, அது இயற்கை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2014இலேயே வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நம் பள்ளிகள் வேன் டிரிப்புகளுக்கு ஏற்ப மணியடிக்கின்றன. அதை நீங்களும் நானும் இந்த நவம்பருக்குள் மாற்றப்போவதில்லை.

மாற்ற முடிந்தது வீட்டில் இருக்கிறது. சீக்கிரம் படு என்று சொல்லி எந்தப் பிள்ளையும் தூங்கியதில்லை. எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். ஞாயிறு உட்பட தினமும் ஆறு மணி. விடுமுறையில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம், பதினொன்று வரை தூங்க விட்டால் திங்கட்கிழமை கெட்டுப்போகும். எழுந்ததும் மாடியிலோ வாசலிலோ பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் இழுங்கள், மூன்று வாரத்தில் பதினொன்றுக்கு வந்துவிடலாம். அதுவும் போதாதுதான், ஆனால் ஏழு மணி நேரம் ஐந்தரையைவிட எவ்வளவோ மேல். இரவு பத்துக்கு எல்லா போனும் ஹாலில் சார்ஜில். உங்கள் போனும்தான். கணவர் அழைக்கும் நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவருக்கு அப்போது எட்டு மணிதான்.

டியூஷனில் ஒரு மணி நேரத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு வருடத்திலா என்று மாமியார் அதிர்ச்சியடையலாம். ஒன்பது மணிக்குக் களைத்து வந்து, சாப்பிட்டு, பள்ளி வீட்டுப்பாடத்தைத் தொடங்கவே பத்தாகிறது. பள்ளிக்கு அனுப்ப முடியாத அளவுக்கு டியூஷன் படிக்க வைப்பதில் எனக்கு எந்தக் கணக்கும் புரியவில்லை.

ஒரு வார்த்தை உங்களைப் பற்றியும். வேன் போனாலும் அம்மா ஸ்கூட்டி எடுப்பார் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த இரண்டு வாரம் 7.10க்கு நீங்களே வேன் நிற்கும் இடம்வரை கூட நடந்து போங்கள். திட்டாமல், பேசிக்கொண்டு. அதன் பிறகு ஸ்கூட்டி என்பது உடம்பு சரியில்லாத நாளுக்கு மட்டும்.

பள்ளியில் என்ன பேசுவது

வெயிலில் நிற்க வைப்பது சரியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது, உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் சிறார் நீதிச் சட்டத்தில் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான 75ஆவது பிரிவு 18 வயது வரை பொருந்தும். பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. தாமதத்துக்குப் பெற்றோரைக் கூப்பிடலாம், மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விட்ட பாடத்தை எழுத வைக்கலாம். லேட்டாக வந்தவனின் வகுப்பையே பறிப்பதில் என்ன லாபம்?

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் சந்திப்பிலேயே சட்டப் பிரிவை எடுத்து வீசாதீர்கள். இன்னும் நான்கு மாதம் அந்தப் பள்ளியின் உதவி உங்களுக்கு வேண்டும். வகுப்பாசிரியரையும் முதல்வரையும் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் பள்ளி ஆலோசகரும் இருக்கட்டும். கேட்க வேண்டியவை நான்கு:

1. லேட்டானாலும் நேராக வகுப்புக்குப் போக அனுமதி. தண்டனை வேறு நேரத்தில், வேறு விதத்தில்.

2. இனி பிரேயரில் மேடையேற்ற வேண்டாம் என்று ஒரு வாக்கு. ஜூலைச் சம்பவத்தைப் பற்றி ஆசிரியரே அவனிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினால் அதற்கு ஈடு இல்லை.

3. இரண்டு வாரத்துக்குக் கணக்கு வகுப்பில் அவனைப் போர்டுக்குக் கூப்பிடாமல், விட்டுப்போன பாடங்களுக்கு ஒரு பட்டியல். மதிய உணவு நேரத்தில் பழைய நண்பனோடு உட்கார அனுமதித்தால் இன்னும் நல்லது.

4. காலையில் வயிறு வலித்தால் வீட்டுக்கு அனுப்பாமல், பள்ளியிலேயே கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைத்து மறுபடி வகுப்புக்கு அனுப்புவது.

பேசியதை அன்று மாலையே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். உங்கள் மகனின் நிலைமையை ஒரு டாக்டர் பார்த்துவருகிறார் என்று உண்மையான சீட்டு வேண்டுமானால் அவனை நேரில் பார்த்தபின் நானே தருவேன். அதில் இருப்பது இருக்கும், இல்லாதது இருக்காது. பள்ளி பிடிவாதமாக வெயிலில் நிற்க வைத்துக்கொண்டே இருந்தால் சைல்ட்லைன் 1098க்கும் பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கும் அழைக்கலாம்.

படுத்துவிட்ட காலையில்

அந்தத் திங்கட்கிழமை கட்டாயம் வரும். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி, பேதி இல்லையென்றால், "வலிக்குதுன்னு தெரியுது, கிளம்பு, முதல் பீரியடு தாண்டினா குறைஞ்சிடும்" என்று ஒரே வரி. வாக்குவாதம் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம். முழு நாள் முடியாது என்று அழுதால் பாதி நாளாவது போகட்டும். சதவீதக் கணக்குக்கு அது உதவாமல் போகலாம், வாசலைத் தாண்டும் பழக்கத்துக்கு உதவும். நிஜமாகவே வீட்டில் இருக்க நேர்ந்தால் அது பள்ளி நாள் மாதிரியே இருக்க வேண்டும். போன் இல்லை, டிவி இல்லை, பத்து மணித் தோசை இல்லை, கஞ்சியும் புத்தகமும் மட்டும். மாலையில் டியூஷனும் இல்லை. இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை என்னிடமோ உங்கள் ஊர் டாக்டரிடமோ வாருங்கள், வெள்ளைக் கோட்டு சொன்னால் பாட்டிகள் கேட்பார்கள்.

டம்மி ஸ்கூல் யோசனையை விட்டுவிடுங்கள். பெயருக்குச் சேர்த்துக்கொண்டு வராமலேயே வருகை போடும் பள்ளிகள் மேல் வாரியம் திடீர்ச் சோதனை நடத்துகிறது. 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. அப்படி ஒரு பள்ளியில் மாட்டினால் பிள்ளை நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். நீங்கள் கேட்ட ஓப்பன் ஸ்கூல், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, முறையான வாரியம், அதன் சான்றிதழ் செல்லும். நீண்ட நாள் நோயாளிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் நல்ல வழி. உங்கள் மகனுக்கு வேண்டியது பள்ளியிலிருந்து தப்பிப்பதில்லை, திரும்பிப் போவது. பயந்து விலகிய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு கஷ்டமாகும்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் லீவு குறையவில்லை என்றால், அல்லது சாப்பாடு, நண்பர்கள், கிரிக்கெட் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறான் என்றால், மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். திருச்சி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்பது போல ஒரு வார்த்தை வந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. இப்படியான பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும், பத்தாம் வகுப்பில் பைத்தியக்கார டாக்டரா என்று உறவில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு காலண்டரை அவன் அறையிலேயே மாட்டி, 48 நாளையும் அவனே எண்ணட்டும். தவறவிடக்கூடிய 6 நாளை எப்போது செலவழிப்பது என்பதும் அவன் முடிவாகவே இருக்கட்டும். இதுவரை அவனுக்குச் சொன்னதெல்லாம் ஹால் டிக்கெட் வராது என்ற மிரட்டல்தான். 42 என்ற எண்ணை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா போனில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இன்னும் எத்தனை பாக்கி?"

மகளைப் பற்றி: அண்ணன் படுத்தால் தோசை கிடைக்கிறது என்று பார்த்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன அறிகுறிகள் இருக்கின்றனவா, வகுப்பில் அவளுக்கும் ஏதாவது தொல்லை இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, வழக்கம்போல வேனில் ஏற்றிவிடுங்கள். டிபன் பாக்ஸில் அந்தத் தோசையை வைத்து அனுப்பலாம்.